மேலிருந்து எண்ணிய வானம்

ஆவூர் அருகில்,
3.7.2025

மதிப்புக்குரிய ஆத்மநாதன் சார் அவர்களுக்கு வணக்கம்.

என் பெயர் பங்கிராஸ். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் பியூனாக இருந்து மணியடித்தவன். இவ்வளவு சொன்னால் உங்களுக்கு நினைவு வராது. 1996 நவம்பர் 23, சனிக்கிழமை. புதுக்கோட்டையில் மாவட்ட அறிவியல் வினாடி வினா. நீங்கள் நடுவர். மேடையேறி உங்களோடு சண்டை போட்டவன் நான். பிறகு உங்கள் மேல் மனுக் கொடுத்தவனும் நான். இப்போது வந்திருக்கும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை எழுதுவது எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர் ரஞ்சிதா. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு, சமையல் கொட்டகையில் உட்கார்ந்து, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். “பேசுற மாதிரியே எழுதுனா வாத்தியாரு மதிக்க மாட்டாரு பெரியப்பா, நான் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவேன்” என்கிறாள். எழுதட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் போதும்.

விஷயம் இதுதான். அன்றைக்கு நீங்கள் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு.

ஐந்தாம் வகுப்புப் படித்த என் மகள் ஏஞ்சலிடம், நாம் மூச்சுவிடும் காற்று வளிமண்டலத்தின் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேட்டீர்கள். எக்ஸோஸ்பியர் என்றாள். மண்டபமே சிரித்தது. “தப்பு, உட்காரும்மா” என்றீர்கள். அடுத்து உட்கார்ந்திருந்த துணிக்கடை முதலாளி மகன் ட்ரோபோஸ்பியர் என்றான். கோப்பை அவனுக்குப் போனது. எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அந்த அடுக்குகளை என் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

எனக்கு யார் சொன்னது என்று கேட்பீர்கள். எட்டாம் வகுப்புக்கு வெளியே, மணி தொங்கும் தூணடியில் என் ஸ்டூல் கிடக்கும். உள்ளே சிவசாமி சார் பாடம் எடுப்பார். இப்போது அவர் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் குரல் மட்டும் வரும், போர்டு தெரியாது. ஒரு தடவை காதில் விழுந்தது எனக்கு மறக்காது. முதல் அடுக்கு ட்ரோபோ, மேகமும் மழையும் இடியும் அதில். இரண்டாவது ஸ்ட்ரேட்டோ. மூன்றாவது மீசோ, எரிகல் எரிவது அங்கே. நான்காவது தெர்மோ, ரேடியோ அலை அதில் பட்டுத் திரும்பும். ஐந்தாவது எக்ஸோ. வருடா வருடம் இதே வரிசைதான்.

பரீட்சைத் தாள்களை அடுக்கிக் கட்டுவது என் வேலை சார். முதல் நம்பர் பிள்ளையின் தாள் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். கடைசி நம்பர் அடியில் கிடக்கும். முதல் அடுக்கு என்று சார் சொன்னதும் என் புத்தியில் அது உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. யோசித்தும் பார்த்தேன், பொருந்தி வந்தது. மழை மேலிருந்துதானே வருகிறது. ரேடியோ அலை நாலாவதில், நம் தலைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் டீக்கடையில் பெட்டி பாடுகிறது என்று நினைத்தேன். ஐந்தாவதில் நாம். அந்த ஐந்தாவதை சார் விளக்க ஆரம்பிக்கும்போது பீரியடு முடிந்திருக்கும், நான் மணியடிக்க எழுந்திருப்பேன். அந்தப் பாடத்தின் கடைசி வரியை நான் ஒரு வருடம்கூடக் கேட்டதில்லை.

போன திங்கட்கிழமை கொட்டகையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றாலும் எனக்குப் பகல்பொழுது பள்ளியில்தான். புது டீச்சர் புதுப் புத்தகத்தை வாசித்தார்கள். ட்ரோபோஸ்பியருக்கு இப்போது கீழடுக்கு என்று பேராம். எக்ஸோஸ்பியருக்கு வெளியடுக்காம். காம்பு கையில், இலை கையில், அப்படியே இருந்துவிட்டேன். “என்ன பெரியப்பா, பூச்சி கடிச்சிருச்சா” என்று ரஞ்சிதா கேட்டாள்.

என் மனுவால் உங்களைக் கடற்கரைப் பக்கம் மாற்றினார்கள் என்று அப்போதே கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்கவில்லை. இப்போது உங்கள் வீட்டுக்கு வந்து நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காமல் விடுவதாக இல்லை. வானம் இப்போது எனக்குச் சரியாகத் தெரியும். கீழே நாம். மேலே போகப் போகச் சூரியனை நெருங்குவதால் சூடு ஏறிக்கொண்டே போகும். நாலாவது அடுக்கில் ஓசோன் இருக்கிறது.

எப்போது வரலாம் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
பங்கிராஸ்
(இடது பெருவிரல் ரேகை)


ஆவுடையார்கோயில்,
14.7.2025

திரு. பங்கிராஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில் சாம்பார் சிந்தியிருந்தது.

நீங்கள் வர வேண்டாம். எனக்கு எழுபத்தேழு வயது. முற்பகலில் படிப்பேன், பிற்பகலில் படுத்துவிடுவேன். விருந்தினரை எதிர்பார்ப்பதில்லை.

தவிர, உங்கள் மன்னிப்புக் கடிதத்திலேயே இரண்டு தவறுகள் உள்ளன. ஒன்று, மேலே போகப் போகச் சூடு ஏறிக்கொண்டே போகாது. கீழடுக்கில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் ஆறு, ஆறரை டிகிரி குறையும். தரை வெயிலில் காய்கிறது, காற்றைச் சுடவைப்பது அந்தத் தரை. அடுப்பை விட்டு விலகுகிறவனுக்குக் குளிரும். இரண்டு, ஓசோன் இருப்பது நான்காவதில் அல்ல, இரண்டாவதில்.

தவறாகப் படித்ததற்கு மன்னிப்புக் கேட்பவர் சரியாகப் படித்துவிட்டுக் கேட்பதுதான் முறை. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அரைகுறைப் பாடத்தோடு என் வாசலில் நிற்க நினைக்கிறீர்கள்.

ஆத்மநாதன்


ஆவூர் அருகில்,
21.7.2025

மதிப்புக்குரிய சாருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை ரஞ்சிதா படித்துக் காட்டினாள். “ரொம்பக் கோவக்காரரா இருக்காரு பெரியப்பா, இத்தோட விட்ருங்க” என்றாள். “தப்புன்னு மட்டும் சொல்லாம எது சரின்னும் எழுதியிருக்காருல்ல, அது கோவம் இல்ல ஆத்தா, பேப்பரு திருத்துறது” என்றேன். விட மாட்டேன் சார்.

நீங்கள் சொன்ன முதல் தவறு என் உடம்புக்கே தெரிந்திருக்கிறது. 1988 ஜனவரியில் கொடைக்கானலுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகளின் பைகளும் என் பொறுப்பு. வத்தலக்குண்டில் வேர்த்துக் கொட்டியது. மேலே இறங்கியதும் பல் கிட்டிக்கொண்டது. சூரியனுக்குக் கிட்டே வந்திருக்கிறோமே, ஏன் நடுங்குகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கம்பளி கிடைக்குமா என்றுதான் பார்த்தேன்.

டீச்சரிடம் போய் உட்கார்ந்து ஒரு வாரம் கேட்டேன். வகுப்பு முடிந்த பிறகு, பிள்ளைகள் இல்லாதபோது. எழுத்துக் கற்றுத் தருகிறேன் தாத்தா, ஆறு மாதத்தில் நீங்களே படிக்கலாம் என்றார்கள். எழுத்து அப்புறம், முதலில் வானம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எழுபத்திரண்டு நடக்கிறது. எதை முன்னால் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது அடியிலிருந்து சொல்கிறேன். கீழடுக்கு, நாம் இருப்பது. ஏற ஏறக் குளிர். அதற்கு மேல் மீளடுக்கு. ஓசோன் வெயிலின் கொடுமையை வாங்கிக்கொள்வதால் அங்கே ஏற ஏறச் சூடு. அதற்கு மேல் இடையடுக்கு. மறுபடி குளிர், எல்லாவற்றிலும் கடுங்குளிர் அதன் உச்சியில்தான். அதற்கு மேல் வெப்ப அடுக்கு. மறுபடி சூடு. கடைசியில் வெளியடுக்கு.

ஒன்று மட்டும் ஒப்பவில்லை. வெப்ப அடுக்கில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு, ஆனால் அங்கே கையை நீட்டினால் சுடாது என்கிறார்கள் டீச்சர். ஆயிரம் டிகிரி என்றால் செங்கல் சூளை. சுடாது என்றால் எப்படி? “புத்தகத்துல அவ்வளவுதான் போட்டிருக்கு தாத்தா” என்றார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மன்னிப்பை எங்கே, எப்படிக் கேட்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். செய்கிறேன். இந்தக் கடிதத்தில் சாம்பார் இருக்காது. இன்றைக்கு எலுமிச்சைச் சாதம்.

பங்கிராஸ்
(ரேகை)


ஆவுடையார்கோயில்,
4.8.2025

திரு. பங்கிராஸ் அவர்களுக்கு,

அடுக்குகளின் வரிசை சரி.

உங்கள் கேள்வி நல்ல கேள்வி. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியராக இருந்தேன், ஒரு மாணவன்கூட இதைக் கேட்டதில்லை. தீபாவளிக்கு மத்தாப்புக் கொளுத்தும்போது கையில் பொறி விழுந்திருக்கும். அந்தப் பொறியும் ஏறக்குறைய ஆயிரம் டிகிரிதான். சுருக்கென்று இருக்கும், அவ்வளவே. கொதிக்கும் உலைநீர் நூறு டிகிரி. அதில் கைவிட்டால் வெந்துவிடும். சூட்டின் அளவு வேறு, சூட்டைக் கொண்டுவந்து கொடுக்கும் பொருளின் அளவு வேறு. வெப்ப அடுக்கில் ஒவ்வொரு காற்றுத்துகளும் பொறி போன்றது. ஆனால் துகள்கள் மிக மிகக் குறைவு. உங்கள் கையைத் தொட அங்கே ஆளில்லை.

தூரத்தையும் சொல்கிறேன், கற்பது என்றால் முழுதாகக் கற்க வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் போகும் சாலையை நிமிர்த்தி நிறுத்தினால், நம் தலைக்கு மேலுள்ள கீழடுக்கு முடியும். திருச்சி சாலையை நிமிர்த்தினால் மீளடுக்கு முடியும். ஐம்பது கிலோமீட்டர் முதல் எண்பத்தைந்து வரை இடையடுக்கு. புதுக்கோட்டையில் கோட்டைப்பட்டினம் பேருந்து ஏறினால் இறங்கும் இடம் அதன் நடுப்பகுதி. அந்தத் தூரத்தை நான் பத்து ஆண்டுகள் வாரம் இருமுறை அளந்தேன். உங்கள் மனு போட்டுக் கொடுத்த தூரம். என் மனைவிக்கு அப்போது ஆஸ்துமா. அவர் புதுக்கோட்டையில், நான் கடற்கரையில்.

ஆனால் எனக்கு வலித்தது அதுவல்ல. விசாரணைக்கு வந்த அதிகாரி பாடப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை. “எதுக்கு சார் வம்பு, சின்னப் பிள்ளை, ஒரு மார்க் போட்டுட்டுப் போயிருக்கலாம்ல” என்றார். சக ஆசிரியர்கள் எனக்குத் தலைகீழ் வாத்தியார் என்று பெயர் வைத்தார்கள். கோட்டைப்பட்டினம் பக்கம் போன பிறகும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் பஸ் பிடித்துப் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாடம் வந்தால், மாணவர்களை வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பேன். ஐந்து வளைகோடுகள். ஓய்வு பெறும்வரை அந்தப் படத்தை நான் போர்டில் போடவே இல்லை.

இனி மன்னிப்பு. என்னிடம் தனியாகக் கேட்பது எளிது. நீங்கள் கத்தியது இருநூறு பேர் முன்னிலையில்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலிருந்து எனக்கு மன்னிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. 1999 ஆகஸ்டில், பள்ளி முகவரிக்கு, கோடு போட்ட தாளில். உங்கள் மகள் எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு எழுதியிருந்தாள். ‘எங்கள் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் சார், தாங்க மாட்டார்’ என்று முடித்திருந்தாள். நான் காப்பாற்றினேன். இப்போது நீங்களே தெரிந்துகொண்ட பிறகு மறைப்பதில் பொருளில்லை.

ஆத்மநாதன்


ஆவூர் அருகில்,
18.8.2025

ஆத்மநாதன் சாருக்கு,

உங்கள் கடிதத்தை ரஞ்சிதா படித்துக் காட்டியதும், அதை வாங்கி வைத்துக்கொண்டு பத்து நாள் அவளிடம் பேசவில்லை. அவள் படித்துக் காட்டியவள்தான், அவள்மேல் என்ன தப்பு.

பதினைந்தாம் தேதி மாதா திருநாளுக்கு ஏஞ்சல் வந்தாள். கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பூசை முடிந்து வந்து கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“ஆத்மநாதன் சாருக்கு லெட்டர் போட்டியா?”

கரண்டியை வைத்தாள். “யாரு சொன்னா?”

“போட்டியா இல்லியா?”

“போட்டேன். பதிமூணு வயசுல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணிருப்பீங்க? புத்தகம் தப்புன்னு இன்னொரு மனுப் போட்டிருப்பீங்க. ஒரு தடவ கேட்டத அப்படியே ஒப்பிப்பீங்கன்னு ஊரே ஒங்களப் பெருசாப் பேசுது. அதையும் நான் எதுக்குப் புடுங்கணும்னு விட்டுட்டேன்ப்பா.”

இருபத்தாறு வருடம் சார். எத்தனை திருநாளில், எத்தனை கல்யாண வீட்டில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் பிள்ளை சரியாகச் சொன்னாள், வாத்தியான் ஏமாற்றினான் என்று சொல்லியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறாள். பெற்ற பிள்ளை, அவளுக்கு என்மேல் இரக்கம். அதை நான் பொறுத்துக்கொள்வேன். உங்களுடையதைப் பொறுக்க மாட்டேன்.

நீங்கள் வாத்தியார். தப்பான விடையைப் பார்த்தால் சிவப்பு மையில் அடிக்க வேண்டும். என்னுடையதை மட்டும் அடிக்காமல் வைத்தீர்கள். 1999-இல் ஒரு கார்டு போட்டிருந்தால் நான் அன்றைக்கே கோட்டைப்பட்டினம் பஸ் ஏறியிருப்பேன். பிள்ளை வேண்டாம் என்றாள் என்பீர்கள். பிள்ளை சொன்னால் வாத்தியார் பேப்பர் திருத்தாமல் விடுவாரா? கைநாட்டுக்காரன்தானே, அவன் வானம் எப்படி இருந்தால் என்ன என்று விட்டீர்கள்.

முதல் கடிதத்தில் ஒன்றை நான் எழுதச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிறவன் அதை எடுக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். இப்போது ரஞ்சிதா எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்றேன். அன்றைக்கு நான் மேடையில் ஏறி, சார், முதல் அடுக்கு மேலே இருக்கிறது, மழை அங்கிருந்து வருகிறது, எங்கள் சிவசாமி சார் சொல்லியிருக்கிறார் என்றேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னீர்கள். “இறங்குய்யா. பியூனுக்கு என்ன தெரியும் ஆகாயத்தப் பத்தி.” மைக்கை அணைக்காமல் சொன்னீர்கள். மண்டபம் முதலில் சிரித்தது என் பிள்ளையைப் பார்த்து. இரண்டாவது சிரித்தது என்னைப் பார்த்து. பிள்ளை அதையும் பார்த்தாள்.

நான் மனுக் கொடுக்கப் போனது கோப்பைக்காக இல்லை. அந்த வார்த்தைக்காக. ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர், “இதெல்லாம் போட்டா எடுபடாதுங்க, பணக்காரப் பையனுக்குச் சாதகம் பண்ணாருன்னு போடுவோம்” என்றார். போடுங்கள் என்றேன். அது பொய் என்று எனக்கு அப்போதும் தெரியும். ரேகை என்னுடையது. அந்தப் பொய்க்குத்தான் நான் மன்னிப்புக் கேட்பது. வானம் தெரியாததற்கு இல்லை. எனக்கு ஒருவரும் போர்டைக் காட்டவில்லை.

இருநூறு பேர் முன்னிலையில் என்று எழுதியிருந்தீர்கள். சரி. அக்டோபரில் அதே மண்டபத்தில் அறிவியல் கண்காட்சி இருக்கிறதாம். நீங்கள் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் நான் போவேன்.

பங்கிராஸ்
(ரேகை)


ஆவுடையார்கோயில்,
9.9.2025

பங்கிராஸ் அவர்களுக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

அப்படி நான் சொன்னதாக நினைவில்லை என்று முதல் தாளில் எழுதினேன். அது பொய். கண்ணாடியைக் கழற்றியதுகூட நினைவிருக்கிறது.

இரண்டாம் தாளில், கூட்டம் அதிகம், நேரமாகிவிட்டது, நிகழ்ச்சி நடத்துபவர்கள் அவசரப்படுத்தினார்கள் என்று எழுதினேன். அதுவும் காரணமல்ல.

நடந்தது இது. நீங்கள் மேடையில் பேசிய அரை நிமிடத்தில் உங்கள் தவறு எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதர் வரிசையைப் பிசகாமல் வைத்திருக்கிறார், மேல் எது கீழ் எது என்பதை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. பின்னால் கரும்பலகை இருந்தது. என் சட்டைப்பையில் சுண்ணக்கட்டி இருந்தது. திரும்பி ஐந்து கோடு போட்டிருந்தால் நீங்களும் உங்கள் மகளும் சிரித்துக்கொண்டு இறங்கியிருப்பீர்கள். மனு இல்லை, மாற்றல் இல்லை. நான் போடவில்லை. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் என் மேடையில் ஏறிவிட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

1999-இல் உங்கள் மகளின் கடிதம் வந்தபோது, அதை உங்களுக்குச் சொன்னால் இதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. குழந்தையின் வேண்டுகோள் எனக்கு வசதியாக இருந்தது. அவ்வளவுதான். காப்பாற்றினேன் என்று போன கடிதத்தில் எழுதியதை அடித்துவிடுங்கள்.

மண்டபத்துக்குப் போக வேண்டாம். உங்கள் மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். இத்தோடு போதும்.

ஆத்மநாதன்


ஆவூர் அருகில்,
13.10.2025

ஆத்மநாதன் சாருக்கு வணக்கம்.

நீங்கள் வேண்டாம் என்றீர்கள். நான் போய்விட்டு வந்தேன். உங்களுக்காக மட்டும் போவதாயிருந்தால் நின்றிருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை, பத்தாம் தேதி. ரஞ்சிதா, டீச்சர், நான், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், ஒரு வேன். மண்டபத்துக்கு இப்போது டைல்ஸ் போட்டுவிட்டார்கள். மேடை அதே மேடைதான், படி நாலு. நிகழ்ச்சி நடத்துகிறவரிடம் டீச்சர் கெஞ்சினார்கள். “ரெண்டு நிமிசம்தான், பெரியவர் பாட்டெல்லாம் பாடிறக் கூடாது” என்றார். பாட்டு வராது என்றேன்.

மைக்கில் சொன்னேன். ரஞ்சிதா போனில் பிடித்து வைத்திருக்கிறாள், அதைப் பார்த்து எழுதுகிறாள். “என் பேரு பங்கிராஸ். பியூனா இருந்தேன். தொண்ணூத்தாறுல இதே எடத்துல ஆத்மநாதன் சார் சரியாச் சொன்னாரு. நான் தப்பாச் சண்டை போட்டேன். அப்புறம் அவரு ஒருத்தருக்குச் சாதகம் பண்ணுனாருன்னு பொய் மனுக் கொடுத்தேன். அவரு அப்படிப் பண்ணல. அந்தப் பொய் என்னோடது.” யாரும் சிரிக்கவில்லை சார். ஒரு ஆள் மட்டும், தேர்தலில் நிற்கிறாரா என்று பக்கத்தில் கேட்டது என் காதில் விழுந்தது.

சரியானதைச் சொல்லாமல் எப்படி இறங்குவது. அடியிலிருந்து ஆரம்பித்தேன். கீழடுக்கு, மீளடுக்கு என்றேன். அடுத்து வாயில் வெப்ப அடுக்கு என்று வந்துவிட்டது. பதற்றம்தான், எனக்கு ஒருநாளும் அப்படி ஆனதில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம். “அப்பா, இடையடுக்கு முன்னாடி. குளிர்ந்துட்டுத்தான் சுடும்.” ஏஞ்சல். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னவள், விடியக்காலை பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். மண்டபம் சிரித்தது. அவளும் சிரித்தாள். நானும் மைக்கிலேயே, “ஆமா, எம் பொண்ணு சொல்றதுதான் சரி” என்றேன். அந்த வார்த்தையைத்தான் இருபத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்குத்தான் அது உண்மையாக இருந்தது.

நீங்கள் என்னைச் சொன்னதை நான் மைக்கில் சொல்லவில்லை. அதை நான் சொல்லக் கூடாது.

இப்போது என் பங்கு முடிந்தது. உங்கள் பங்கு இருக்கிறது. மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன், போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் போதாது. நீங்கள் எங்கள் பள்ளிக்கு வர வேண்டும். எட்டாம் வகுப்பில் அந்தப் படத்தைப் போர்டில் போட வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளியே இல்லை. டீச்சரிடமும் தலைமையாசிரியை அம்மாவிடமும் பேசிவிட்டேன். நவம்பர் 3, திங்கட்கிழமை, காலை இரண்டாவது பீரியடு.

பிற்பகலில் படுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அதனால்தான் காலையில் வைத்திருக்கிறேன்.

பங்கிராஸ்
(ரேகை)


ஆவுடையார்கோயில்,
24.10.2025

தம்பி பங்கிராஸுக்கு,

திங்கட்கிழமை காலையில் உங்கள் ஊர் வந்து சேர மூன்று பேருந்து மாற வேண்டும். இந்த வயதில் அது என்னால் ஆகாது என்று மகன் சொன்னான். அதனால் ஞாயிறு மாலையே புதுக்கோட்டை வந்து தங்கிவிட்டு, காலையில் வருகிறேன். மழை பெய்தாலும் வருவேன்.

வகுப்பில் நுழைந்ததும் முதலில் நான் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். மேடையில் மைக்கில் நான் சொன்னது என்ன, யாரிடம் சொன்னேன் என்று மாணவர்களிடம் சொல்வேன். அப்போது நீங்களும் அங்கே இருக்க வேண்டும். உங்கள் மகளால் வர முடிந்தால் அவளும் இருக்கட்டும். வர முடியாவிட்டால் தனியாக அவளுக்கு எழுதுகிறேன். அவள் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. பிறகு படம்.

கடந்த பத்து நாட்களாக வீட்டுச் சுவரில் காலண்டரின் பின்பக்கத்தை ஒட்டிப் போட்டுப் பார்க்கிறேன். எழுபது வயதுக்கு மேல் எனக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. முதல் வளைகோடு ஒரு மாதிரி வருகிறது. மூன்றாவதைத் தொடுவதற்குள் கோடு அலைகிறது. நான்காவது ஐந்தாவதோடு போய் முட்டிக்கொள்கிறது. மாணவர்கள் புதிதாகப் படிப்பவர்கள், பார்த்ததை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்வார்கள். கோடு கோணலாக இருந்தால் அது ஆத்மநாதன் வாத்தியாரின் கை, வானம் அப்படி இல்லை என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
ஆத்மநாதன்